வயல்வெளியில் கோல்ஃப் ஆடும் அப்பாவுக்கு

கேள்வி:

நான் வடமராட்சியைச் சேர்ந்தவன். வயது 47. 2013ஆம் ஆண்டு டுபாய்க்கு வேலைக்குப் போனேன். அங்கே ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்புப் பிரிவில் பத்து ஆண்டுகள் இருந்தேன். போகும்போது என் ஒரே மகளுக்கு இரண்டு வயது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வந்துபோனேன். 2023 கடைசியில் ஒரேயடியாகத் திரும்பிவிட்டேன். இப்போது அவளுக்கு வயது 14, தரம் 9 படிக்கிறாள்.

வந்த புதிதில் எது வேண்டுமென்றாலும் தாய் மூலமாகத்தான் கேட்பாள். அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது அம்மப்பா, சைக்கிள் பழக்கியது மாமா. எனக்கென்று ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அங்கே ஒருவர் கழித்துவிட்ட பழைய மட்டைகள் சிலவற்றைக் கொண்டுவந்திருந்தேன். அறுவடை முடிந்த எங்கள் வயலில் பால்மாப் பேணியொன்றைப் புதைத்துக் குழியாக்கி அடித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே வந்து கேட்டாள். அன்று தொடங்கியது. கடந்த சித்திரைப் புத்தாண்டன்று விடியற்காலை இருவரும் ஒரே கைத்தொலைபேசியில் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி இறுதிச்சுற்றைப் பார்த்தோம். என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு புத்தாண்டு இல்லை.

ஆனால் சில மாதங்களாக வரமறுக்கிறாள். குழிக்கு அருகில் பந்தைத் தட்டும்போது மணிக்கட்டை மடக்கிவிடுகிறாள். நூறு தடவை சொல்லியும், கையைப் பிடித்துக் காட்டியும் திருந்தவில்லை. இப்போது "படிக்க இருக்கிறது, நீங்கள் போங்கள்" என்கிறாள். பந்துகளை மட்டும் தானே கழுவி, நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்து அடுக்கி வைக்கிறாள். மனைவி ரியூசனைக் குறைக்க முடியாது என்கிறார். "பெரியபிள்ளையாகிவிட்டாள், வயலுக்குள் என்ன பணக்காரர் விளையாட்டு?" என்று என் அக்கா கேட்கிறார். கோல்ஃப் வீரர் டைகர் வூட்ஸை அவருடைய தகப்பன் இரண்டு வயதிலேயே பழக்கினாராம். நான் அந்த வருடங்களை இழந்துவிட்டேன். கண்டிப்பாக அழைத்துப்போவதா, விட்டுவிடுவதா? கொழும்பில் எங்காவது சேர்த்துவிடலாமா?

- ஒரு தந்தை, வடமராட்சி

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வருகிறேன். அதற்கு முன், போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில் உங்களை நிறுத்த வேண்டியிருக்கிறது. மகள் பந்துகளைக் கழுவிப் பொட்டு வைத்து அடுக்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தன் பந்து எது, மற்றவருடைய பந்து எது என்று தெரிவதற்காக ஒவ்வொருவரும் பந்தில் ஓர் அடையாளம் இட்டுக்கொள்ள வேண்டுமென்பது கோல்ஃப் விதிப் புத்தகத்திலேயே உள்ள அறிவுரை. அதை நீங்கள்தான் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். வயலுக்கு வராத இந்த மாதங்களிலும் அவள் அதைச் செய்துகொண்டிருக்கிறாள். விளையாட்டை வெறுத்த பிள்ளை பந்துக்குப் பொட்டு வைக்கமாட்டாள். அவள் விலகி நிற்பது விளையாட்டிலிருந்து அல்ல, நீங்கள் நடத்தும் பாடத்திலிருந்து.

இதை உங்கள் மனதை நோகடிக்க எழுதவில்லை. நீங்களே காரணத்தையும் எழுதியிருக்கிறீர்கள். பள்ளிக்கூடம் அம்மப்பாவோடு போயிற்று, சைக்கிள் மாமாவோடு போயிற்று. மகளுக்குக் கற்றுக்கொடுக்க உங்கள் கையில் எஞ்சியது இந்த ஒன்றுதான். அதனால்தான் அந்த மணிக்கட்டை உங்களால் விடமுடியவில்லை. பத்து ஆண்டுகளாகக் கொடுக்கமுடியாமல் போனதையெல்லாம் அந்த ஒரு திருத்தத்துக்குள் வைத்துக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய தகப்பன்மார் பலரிடம் இதே அவசரத்தைப் பார்க்கிறேன். ஒருவர் கணக்குப் பாடத்தைப் பிடித்துக்கொள்வார், இன்னொருவர் மகனின் தலைமயிரைப் பிடித்துக்கொள்வார். உள்ளே இருப்பது ஒரே தவிப்பு: நானும் இந்தப் பிள்ளையை வளர்த்தேன் என்று சொல்ல ஏதாவது ஒன்று வேண்டும்.

அதே திருத்தம் மகளின் காதில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். அவளுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அப்பா என்பவர் தொலைபேசியில் வரும் ஒரு குரல். "சாப்பிட்டாயா, படித்தாயா, அம்மா சொல்வதைக் கேள்" என்று அந்தக் குரல் சொல்லியிருக்கும். தூரத்தில் இருக்கும் தகப்பனால் வேறென்ன சொல்லமுடியும்? இப்போது ஆள் நேரில் வந்துவிட்டார். வயலில் பக்கத்தில் நிற்கிறார். அந்த முதல் மாதங்களில் அவள் கண்டது புதிய ஒருவரை: பந்து நன்றாகப் போனால் வாய்விட்டுச் சிரிக்கிற, பிழைத்தால் தலையில் கைவைக்கிற, தனக்குத் தெரியாத ஓர் உலகத்தைத் தெரிந்த மனிதரை. பிறகு "மணிக்கட்டு, மணிக்கட்டு" என்று தொடங்கியதும் பழைய தொலைபேசிக் குரல் திரும்பி வந்துவிட்டது. அவள் அந்தக் குரலிடமிருந்துதான் ஒதுங்குகிறாள்.

கையைப் பிடித்துத் திருத்துவதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பன்னிரண்டு வயதில் இயல்பாக இருந்தது பதினான்கு வயதில் அப்படி இருப்பதில்லை. உடல் மாறிக்கொண்டிருக்கும் வயது. தகப்பன் என்றாலும் கேட்காமல் கையைப் பிடித்து முறுக்கிக் காட்டுவது அவளுக்குக் கூச்சமாக இருக்கலாம். அதைச் சொல்லத் தெரியாமல் "படிக்க இருக்கிறது" என்று சொல்லலாம். சில நாட்களில் உடம்பு முடியாமலும் இருக்கும். "ஏன் வரவில்லை?" என்று விசாரிக்கும் வீட்டில் அந்த நாட்களை ஒரு பெண்பிள்ளை எப்படிச் சமாளிப்பாள்? காரணம் கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதை.

டைகர் வூட்ஸை நினைத்து ஏங்குகிறீர்கள். அவருடைய தகப்பன் ஏர்ள் வூட்ஸ் மகனைச் சிறுவயதிலிருந்தே பழக்கினார் என்பது உண்மை. 1997இல் மாஸ்டர்ஸ் வென்ற மகனைக் கட்டியணைத்த காட்சியை உலகமே பார்த்தது. ஆனால் நீங்களும் மகளும் புத்தாண்டு விடியலில் மாஸ்டர்ஸ் வெல்வதைப் பார்த்தீர்களே ரோரி மக்கில்ரோய், அவருடைய தகப்பனைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். வட அயர்லாந்தில் ஹொலிவுட் என்ற சிற்றூர். தகப்பன் ஜெரி மதுச்சாலையில் பரிமாறுபவராகவும் துப்புரவுப் பணியாளராகவும் ஒரே நாளில் பல வேலைகள் செய்தார். தாய் தொழிற்சாலையில் இரவுவேலை பார்த்தார். மகன் விளையாடுவதற்காக அந்தக் குடும்பம் பட்ட பாட்டை வடமராட்சியில் உள்ள எந்த வீடும் விளங்கிக்கொள்ளும். இந்த ஜெரி சாதாரண ஆட்டக்காரரும் அல்ல, ஊர்க் கழகத்தில் மிகத் திறமையாக ஆடியவர். மட்டையை மகன் கையில் முதலில் கொடுத்தவரும் அவர்தான். இருந்தும் முறையான பயிற்சியை அந்தக் கழகத்தின் பயிற்றுநர் மைக்கல் பனன் என்பவரிடம் விட்டுவிட்டார். சிறுவயதில் தொடங்கிய அந்தப் பயிற்சி உறவு மக்கில்ரோய் உலகப் புகழ் பெற்ற பிறகும் நீடித்தது. தெரிந்த தகப்பன் தெரிந்தே ஒதுங்கி நின்றார். அவருக்கு அப்பாவாக இருக்கும் வேலை மிஞ்சியது. எனக்கு இந்தத் தகப்பனைத்தான் அதிகம் பிடிக்கும்.

நம் பக்கத்தில் ஒரு பனனைத் தேடிப் பிடிக்கமுடியாதே என்பீர்கள். அதனால் குறை ஒன்றுமில்லை. மடங்கும் மணிக்கட்டோடும் ஒரு பிள்ளை சந்தோஷமாக விளையாடலாம். இப்போது மாரிகாலம். வயலில் நெல் நிற்கிறது, உங்களுக்கு மைதானம் இல்லை. தை, மாசியில் அறுவடை முடிந்து வயல் திரும்பக் கிடைக்கும். அதுவரை மணிக்கட்டைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். வயல் கிடைத்த பிறகும் அவளாகக் கேட்டால் ஒழிய வேண்டாம். கேட்டால் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பெருமூச்சு விடுவது, தலையை ஆட்டுவது, "சரி, உன் விருப்பம்" என்று இழுத்துச் சொல்வது இவையும் திருத்தம்தான். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வரச்சொல்லிக் கெஞ்சவும் வேண்டாம், கண்டிப்பாக இழுத்துப்போகவும் வேண்டாம். மாலையில் முற்றத்தில் நீங்கள் தனியாகத் தட்டிக்கொண்டிருங்கள். இன்னொரு மட்டையைத் திண்ணையில் சாத்தி வையுங்கள். ஒரே ஒரு முறை, சாப்பாட்டு நேரத்திலோ வேலி திருத்தும்போதோ, நேராகச் சொல்லிவிடுங்கள்: "நான் உன்னை அதிகமாகத் திருத்திவிட்டேன். இனிச் செய்யமாட்டேன். உனக்கு விருப்பமான நேரம் வா." அதற்குமேல் விளக்கம் வேண்டாம். அவள் பதில் சொல்லாமல் எழுந்து போனாலும் காது கேட்டிருக்கும்.

அவள் வரும்போது எப்படி விளையாடுவது என்பதற்கு ஒரு முறை சொல்கிறேன். அமெரிக்காவில் 1995 முதல் பெரிய ஆட்டக்காரர்கள் தங்கள் பிள்ளைகளோடு அல்லது பெற்றோரோடு சேர்ந்து ஆடும் ஒரு போட்டி நடக்கிறது. டைகர் வூட்ஸும் தன் மகன் சார்லியோடு 2020இல் அதில் முதன்முதலாக ஆடினார். மகனுக்கு அப்போது வயது 11. அந்தப் போட்டியில் தகப்பனும் பிள்ளையும் எதிரெதிராக ஆடுவதில்லை. இருவரும் ஆளுக்கொரு பந்து அடிப்பார்கள். இரண்டில் நல்ல இடத்தில் கிடக்கும் பந்தைத் தேர்ந்தெடுத்து, அந்த இடத்திலிருந்து இருவரும் மறுபடி அடிப்பார்கள். குழியில் விழும்வரை இப்படியே போகும். இருவருக்கும் ஒரே கணக்கு. பிள்ளையின் பத்து அடிகளில் இரண்டு நன்றாகப் போனாலே அந்த இரண்டும் குடும்பத்துக்குச் சொத்து. உங்கள் வயலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. எந்தப் பந்திலிருந்து தொடர்வது என்று முடிவெடுப்பதை மகளிடம் விடுங்கள். அவளுடைய முடிவு பிழையென்று தெரிந்தாலும் அங்கிருந்தே அடியுங்கள். இரண்டு தவறான முடிவுகளுக்குப் பிறகு "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று அவளே கேட்கக்கூடும். அந்தக் கேள்வியை அவசரப்பட்டு வரவழைக்க முயலாதீர்கள்.

அதே போட்டியில் 2021இல் அமெரிக்கக் கோல்ஃப் வீராங்கனை நெலி கோர்டா தன் தகப்பனோடு ஆடினார். அந்த ஆண்டுதான் அவர் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்தார். தகப்பன் பீற்றர் கோர்டாவோ அவுஸ்திரேலிய ஓப்பன் வென்ற டென்னிஸ் வீரர். கோல்ஃபைப் பொறுத்தவரை அந்தச் சோடியில் மகள்தான் பெரிய ஆள். ஒரு நாள் உங்கள் வயலிலும் அப்படி ஆகலாம். அதற்கு இப்போதே மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள்.

எதிரெதிராக ஆட ஆசைப்பட்டால் அதற்கும் கோல்ஃபில் வழி இருக்கிறது. இந்த விளையாட்டின் பெருமைகளில் ஒன்று அதன் ஹான்டிகேப் முறை. 2020 முதல் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே முறை இருக்கிறது. ஆணோ பெண்ணோ, ஆகக்கூடிய ஹான்டிகேப் 54. குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் விளையாட்டு என்பதால், திறமை குறைந்தவருக்கு அந்தளவுக்கு அடிகளைக் கழித்துக் கணக்குப் பார்ப்பார்கள். இரண்டு பேரும் முழு மூச்சோடு ஆடி, யார் வென்றாலும் அது உண்மையான வெற்றியாக இருக்கும். நீங்கள் வேண்டுமென்றே தோற்கத் தேவையில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அப்பா வேண்டுமென்றே தோற்பது தெரிந்துவிடும், அது அவமதிப்பாகவும் படும். ஒரு குழிக்கு இரண்டு அடி அவளுக்குக் கழித்துவிட்டு மிச்சத்துக்குப் போராடுங்கள். கணக்குக் கொப்பி அவளிடம் இருக்கட்டும். கோல்ஃபில் பெரும்பாலும் நடுவர் பக்கத்தில் நிற்பதில்லை. தன் தவறைத் தானே சொல்லித் தனக்கே தண்டனை அடி போட்டுக்கொள்வது வழக்கம். அப்பாவின் அடிகளையும் அவளே எழுதுகிறாள், அப்பா எதிர்த்து ஒன்றும் சொல்வதில்லை என்றால், உங்களைப் பற்றி அவள் அறிந்துகொள்வது நிறைய இருக்கும்.

இனி, எனக்கு முக்கியமாகப்படும் விடயத்துக்கு வருகிறேன். கோல்ஃபில் அடிக்கும் நேரம் கொஞ்சம், நடக்கும் நேரம் அதிகம். பதினெட்டுக் குழி ஆட நான்கு மணி நேரம் போகும். அதில் மட்டை பந்தைத் தொடும் கணங்களைக் கூட்டினால் ஒன்றுமே இல்லை. மிச்சமெல்லாம் இரண்டு பேர் பக்கம் பக்கமாக, ஒரே திசையைப் பார்த்தபடி நடப்பது. வளர்ந்த பிள்ளைகள் முகத்துக்கு முகம் உட்காரவைத்துக் கேட்டால் வாய்திறக்கமாட்டார்கள். பக்கத்தில் நடந்தால், கையில் ஏதோ ஒன்று இருந்தால், பார்வை வேறெங்கோ இருந்தால், பேச்சு தானாக வரும். என்னிடம் வரும் பெற்றோரிடம் நான் அடிக்கடி சொல்வது இது. பலருக்கு அப்படி ஒரு வாய்ப்பே அமைவதில்லை. உங்களுக்கு அமைந்திருக்கிறது. அந்த நடையை மணிக்கட்டுக்கும் பரீட்சைப் புள்ளிக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

என்ன பேசுவது என்று தடுமாறினால் டுபாயைப் பேசுங்கள். உங்கள் மகளுக்கு நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள் என்று உண்மையில் தெரியுமா? "கோல்ஃப் மைதானத்தில் வேலை" என்பதற்கு மேல் தெரிந்திருக்காது. விடிவதற்கு முன்பே புல் வெட்டும் யந்திரங்களோடு இறங்கவேண்டும், வெயில் ஏறினால் நிற்கமுடியாது என்று சொல்லுங்கள். புல்தரை ஒரே இடத்தில் தேய்ந்துபோகாமல் இருக்க குழியை அடிக்கடி இடம் மாற்றுவதைச் சொல்லுங்கள். வட்டக் கத்தியை மண்ணில் இறக்கிப் புதுக்குழி வெட்டி, அங்கிருந்து எடுத்த மண்ணும் புல்லும் சேர்ந்த உருளையை அப்படியே பழைய குழிக்குள் இறக்கி, மட்டமாக அமுக்கித் தண்ணீர் தெளித்தால், நேற்று அங்கே குழி இருந்ததே தெரியாது. குழியின் விட்டம் உலகம் முழுவதும் 108 மில்லிமீற்றர். தொலைக்காட்சியில் உலகமே மூச்சைப் பிடித்துப் பார்க்கும் அந்த ஓட்டையை யாரோ ஒருவர் இருட்டோடு எழுந்து வெட்டியிருக்கிறார். தன் அப்பா அப்படிப்பட்ட ஒருவர் என்பது அவளுக்குத் தெரியவேண்டாமா? முடிந்தால் அவளோடு சேர்ந்து பால்மாப் பேணியைத் தோண்டியெடுத்து வேறிடத்தில் புதையுங்கள். எங்கே வைப்பது என்று அவள் சொல்லட்டும். அவள் வளர்ந்ததை நீங்கள் பார்க்கவில்லை என்று வருந்துகிறீர்கள். நீங்கள் அங்கே வாழ்ந்ததை அவளும் பார்க்கவில்லை. அந்த இழப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது, உங்கள் பக்கத்தை நீங்கள் சொல்லி நிரப்பலாம்.

நடையில் ஒரு நாள், அல்லது வேறெங்கோ ஒரு கோபத்தில், "ஏன் என்னை விட்டுவிட்டுப் போனீர்கள்?" என்று கேட்கக்கூடும். கேட்டால் பயப்படாதீர்கள், உங்களிடம் கேட்கலாம் என்ற நம்பிக்கை வந்திருக்கிறது என்று பொருள். ஆனால் "உனக்காகத்தான் போனேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் வீடுகளில் எல்லாத் தகப்பன்மாரும் சொல்லும் வார்த்தை அது, அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கும் பிள்ளையின் தலையில் அது ஒரு கடனாக இறங்கும். இரண்டு வயதுக் குழந்தை யாரையும் டுபாய்க்கு அனுப்பவில்லை. வீட்டில் என்ன கடன் இருந்தது, இங்கே என்ன வேலை கிடைத்தது, யார் யார் சேர்ந்து முடிவெடுத்தீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். "நானும் உன்னைத் தேடினேன், போனது உனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்" என்று சொல்லுங்கள். அவள் அழுதால் அழட்டும். உடனே சமாதானம் சொல்லி மூடவேண்டாம்.

மனைவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்து ஆண்டுகள் தாயும் தகப்பனுமாக நின்றவர் அவர். உங்களுக்கும் மகளுக்கும் இடையில் வார்த்தைகளைச் சுமந்தவரும் அவர்தான். ரியூசன் விடயத்தில் அவருடைய கவலையை வயலுக்கு எதிரான சதியாகப் பார்க்காதீர்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. வாரத்தில் ஒரு மாலையைக் கேட்டுப் பெறுங்கள், அந்த ஒன்றைத் தவறாமல் காப்பாற்றுங்கள். மகள் முன்னிலையில் இதைப் பற்றி வாதாடவேண்டாம்.

உங்கள் அக்காவுக்கு இரண்டு பதில்கள் உண்டு. பணக்காரர் விளையாட்டு என்பது நம் நாட்டில் நாம் கண்ட தோற்றம். கொழும்பில் 1879இல் தொடங்கிய கழகத்தையும் மலைநாட்டில் துரைமார் ஆடிய மைதானத்தையும் பார்த்து வந்த எண்ணம் அது. ஸ்கொட்லாந்தில் இது கடற்கரை ஊர்களின் விளையாட்டாகவே வளர்ந்தது. பயிர் செய்ய உதவாத மணல்திட்டு நிலங்களில்தான் அந்த ஊரவர்கள் ஆடினார்கள். நம் மணற்காட்டுப் பக்கத்துத் திட்டுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலம் எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும். உலகப் புகழ்பெற்ற சென் அன்ட்ரூஸ் பழைய மைதானம் இன்றும் பொதுநிலம். ஞாயிற்றுக்கிழமைகளில் வழமையாக ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள், ஊர்மக்கள் அதில் உலாவுவார்கள். ரொறன்ரோவில் மாநகர சபையே ஐந்து கோல்ஃப் மைதானங்களை நடத்துகிறது. அங்கே இருக்கும் நம் பிள்ளைகள் பஸ்ஸில் போய் ஆடலாம்.

பெரியபிள்ளை என்பதற்குப் பதில் பெங்களூரில் இருக்கிறது. இந்தியக் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் ஐந்து வயதில் தொடங்கியவர். அவருடைய பெற்றோர் கோல்ஃப் ஆடுபவர்களாக இருக்கவில்லை. மகளோடு சேர்ந்துதான் அந்தக் குடும்பம் மைதானத்துக்குப் போனது. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் அவருடைய மட்டைப் பையைச் சுமந்து கூட நடந்தவர் தகப்பன். டோக்கியோவில் சுமந்தவர் தாய். அங்கே அதிதி நான்காம் இடம் பெற்றார். பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று அந்த வீடு மட்டையை வாங்கி வைத்திருந்தால் இது நடந்திருக்காது. அக்காவிடம் சண்டை பிடிக்கவேண்டாம். ஒரு மாலை வரப்பில் வந்து நின்று பார்க்கச் சொல்லுங்கள். மாமி பார்க்க மகள் அடிக்கும் ஒரு நல்ல அடி உங்கள் வாதத்தைவிடப் பெரிதாகப் பேசும்.

கொழும்பில் சேர்ப்பது பற்றி: இப்போது வேண்டாம். பத்து ஆண்டுகள் பிரிந்திருந்த தகப்பனும் மகளும் ஒன்றுசேரத் தொடங்கியபோது, விளையாட்டின் பெயரால் அவளை வேறு ஊருக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பதிலாகப் பள்ளி விடுமுறையில் மூவருமாக ஒரு பயணம் போய்வாருங்கள். கொழும்பில் மருதானையிலிருந்து நுகேகொடைப் பக்கம் போகும் களனிவெளி ரயில் ரோயல் கொழும்பு கோல்ஃப் கழக மைதானத்தின் ஊடாகவே செல்கிறது. சில நிமிடங்கள்தான், ஆனால் சாதாரண டிக்கெட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து உண்மையான புல்தரையை அவள் கண்ணால் பார்க்கலாம். திருகோணமலை சீனன்குடாவிலும் ஒரு மைதானம் உண்டு, நமக்கு அது கிட்ட. விமானப்படை நடத்துவது. அங்கே போவது உங்களுக்கும் மனைவிக்கும் மனதுக்கு ஒத்துவருமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கவேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு நினைவு இருக்கிறது, யாரும் யாரையும் அதில் வற்புறுத்த முடியாது. இதெல்லாம் பார்த்த பிறகும், பதினாறு பதினேழு வயதில் அவளாகவே "எனக்கு ஒழுங்காகப் பழகவேண்டும்" என்று கேட்டால், அப்போது யோசிப்போம். எனக்கும் எழுதுங்கள்.

ஒருவேளை அவள் இனி ஒருபோதும் மட்டையைத் தொடாமலே போகலாம். அதற்கும் நீங்கள் தயாராக இருக்கவேண்டும். அப்படியானால் அவளுக்குப் பிடித்தது எது என்று பாருங்கள். படம் வரைகிறாளா, வலைப்பந்து ஆடுகிறாளா, பாட்டுக் கேட்கிறாளா? அங்கே நீங்கள் போய் அவளிடம் பழகுங்கள். ஒன்றும் தெரியாத ஒருவராக அவள் பக்கத்தில் உட்காருவது உங்கள் இருவருக்கும் நல்லது. ஆனால் விளையாட்டை மட்டுமல்லாமல் சிநேகிதிகளையும் விட்டுவிட்டாள், சாப்பாடும் நித்திரையும் குறைந்துவிட்டன, எதிலும் மனமில்லாமல் இருக்கிறாள் என்று கண்டால் காத்திருக்கவேண்டாம். அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் உளநலப் பிரிவை நாடுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்துப் பேசலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கோல்ஃப் பந்து 46 கிராமுக்குச் சற்றே குறைவு, ஆனால் கல்லைப்போல் இறுக்கமானது. வளர்ந்த ஒருவர் நீண்ட மட்டையால் நன்றாக அடித்தால் மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் கிளம்பும். வயலில் மாடு மேய்க்கிறவர்கள் உண்டு, குறுக்கே சைக்கிளில் வருகிறவர்கள் உண்டு. சோளகக் காற்றுக் காலத்தில் பந்து நினைத்த இடத்தில் விழாது. வீடுகள் இருக்கும் பக்கம் பார்த்து அடிக்கவே வேண்டாம். வளவுக்குள் துளையிட்ட பிளாஸ்டிக் பயிற்சிப் பந்துகளைப் பாவியுங்கள். மகள் அடிக்கும்போது நீங்களும், நீங்கள் அடிக்கும்போது அவளும் எங்கே நிற்பது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். இந்த ஒன்றில் நீங்கள் ஆசிரியராக இருக்கத்தான் வேண்டும். அறுவடை முடிந்த வரப்புகளில் விரியன் பாம்பு கிடக்கும், சப்பாத்து இல்லாமல் இறங்கவேண்டாம். ஆள் புழக்கமின்றிப் பற்றை மண்டிக்கிடக்கும் காணிக்குள் பந்து போய்விட்டால், அது எவ்வளவு நல்ல பந்தாக இருந்தாலும், யாரும் தேடிப் போகக்கூடாது. நம் மண்ணில் அப்படிப்பட்ட இடங்களில் இன்னும் என்னென்ன கிடக்கின்றன என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தொலைந்த பந்துக்கு விதிப்படி ஒரு தண்டனை அடி. பழைய இடத்திலிருந்தே வேறு பந்தை வைத்து அடியுங்கள். பொட்டு வைத்த பந்துகள்தான் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றனவே.